பெரியப்பா வழியாகப் போன சேதி

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஐந்து பக்கமுள்ள ஒரு படிவம் உண்டு. அதன் நான்காம் பக்கத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அதில் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த ஆராய்ச்சியில் உங்கள் குடும்பத்தாரின் உடல்நலம் பற்றி ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள், ஆம் என்றும் இல்லை என்றும். அதன் கீழே ஒரு வரி: நான் இல்லாத பட்சத்தில் யாரிடம் சொல்ல வேண்டும், அவருடைய தொலைபேசி எண் என்ன?

படிவத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியில் ஒரு பெண் தன் கைப்பட எழுதிக் கொடுத்ததை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து என்ன பாடு படுத்தினோம் என்பதுதான் என் கோபம். எல்லாரும் என்று சொல்லும்போது என்னை விட்டுவிடவில்லை.

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. முன்பு நர்சாக இருந்தேன். இப்போது சினைப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் திசு சேகரிக்கிறேன். அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில், நோயை உறுதிசெய்யத் தேவையான பகுதி போக மிஞ்சுவதிலிருந்து புளியங்கொட்டை அளவில் நாலைந்து துண்டும், கூடவே கொஞ்சம் இரத்தமும் எனக்கு வரும். கட்டி உடம்பைவிட்டுப் பிரிந்த நிமிடத்தை நான் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அந்தத் துண்டுகள் திரவ நைட்ரஜனுக்குள் போய் உறைந்தாக வேண்டும். தாமதித்தால் திசு கெட்டு ஒன்றுக்கும் உதவாது. லிஃப்ட் வராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் படியில் ஓடுவேன். வழியை மறித்து நின்றால் பெரிய டாக்டராக இருந்தாலும் சத்தம் போட்டு விலக்குவேன். துண்டுகளைப் போடும் குழாயின்மேல் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கும்.

ஓடுவதெல்லாம் சுலபம். அறுவைக்கு முந்தின நாள் வார்டுக்குப் போய் நோயாளியிடம் பேசிச் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம். எல்லையோரத்துப் பாறசாலை, வெள்ளறடை, அதியன்னூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் வீடு பாறசாலைக்குப் பக்கம்தான். மலையாளத்தில் தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்தால், "நம்ம ஊருப் பிள்ளையாக்கும்" என்று கட்டிலில் இடம் ஒதுக்கித் தருவார்கள். ஆனால் வார்டு வாசலிலேயே ஓர் ஆண் நின்று என்னை ஓரங்கட்டுவதும் அதே ஊர் வழக்கம்தான். அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, வெறும் கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம் என்பார். கணவனுக்குத் தெரியும், கணவனின் அண்ணன் தம்பிக்குத் தெரியும், திருச்சபைக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆளுயர எழுத்தில் புற்றுநோய் என்று பலகை மாட்டிய வாசல் வழியாக நடந்து வந்தவளுக்கு மட்டும் தெரியாதாம்! எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதைக்கூட மறந்துபோகிறார்கள்.

நான் சொல்ல வரும் அக்கா பாறசாலை டிப்போவில் கண்டக்டர். வீடு வெள்ளறடைக்குப் பக்கத்தில். வயிறு வீங்கியது, இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்றானது. பார்த்த இடத்திலெல்லாம் வாயு என்று சொல்லிக் குளிகை கொடுத்து அனுப்பினார்கள். அவரும் டிக்கெட் மெஷினோடு குளிகையையும் பையில் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் மலையோர வழித்தடத்தில் நின்றபடியே வேலை பார்த்திருக்கிறார். பெண்ணுக்கு வயிற்றில் எது வந்தாலும் அதற்கு வாயு என்று பெயர். ஆணுக்கு வயிறு வலித்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்கிறார்கள்.

அன்று என்னை வாசலில் மறித்தவர் அக்காவின் கணவருடைய அண்ணன். அவர்கள் சபையின் செக்ரட்டரி. எனக்கும் முன்பே பழக்கமானவர்தான். எங்கள் பக்கத்துப் பழைய மிஷன் சபைகளில் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் குறைவு. என் கையிலிருந்த படிவத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"இதுல கான்சருன்னு எழுதியிருக்கே. இத அவளுக்க கையில குடுக்கப்பிடாது. நான் ஒப்புப் போட்டுத் தாறேன்."

"சுகமில்லாத ஆளுதான் ஒப்புப் போடணும், மாமா."

"நான் போட்டா என்னவாக்கும்? குடும்பத்துல எல்லாத்துக்கும் நான்தான் போடுறது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. ஓடும் பஸ்ஸில் முன்படிக்கும் பின்படிக்கும் ஒரே சமயத்தில் கேட்டுப் பழகிய குரல். "யாரு பிள்ளே அது? வாசல்லயே நிக்காம உள்ள ஏறி வா."

ஏறிப் போனேன். அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிறு போர்வைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் படிவத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். வாசலில் நின்ற மூத்தாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"கான்சர் ஆசுபத்திரியில என்னய ஜலதோஷத்துக்குக் கொண்டு கிடத்தியிருக்குன்னு நான் நினைச்சிட்டிருக்கேன்னு இவங்களுக்க நினைப்பு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்தால் வயிறு வலித்தது போலிருக்கிறது, உடனே நிறுத்திக்கொண்டார்.

பிறகு கேட்டார், "இந்த வயித்துத் தசையை வச்சு நீங்க என்னத்தக் கண்டுபிடிப்பிய?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த நோய் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது, எந்த மருந்துக்கு அடங்கும், சில வீடுகளில் அம்மாவிடமிருந்து மகளுக்கு ஏன் வருகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள் என்றேன். உங்களுக்கு இதனால் ஒரு நன்மையும் வராமல் போகலாம் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வது எங்கள் கடமை.

"எனக்க அம்மை இப்பிடித்தான் வயறு வீங்கிச் செத்தா. அம்மைக்க அக்காளும் அப்பிடித்தான். ரெண்டு பேருக்க கிட்டயும் யாரும் ஒரு வார்த்தை சொல்லல்ல" என்றார் அக்கா. பேனாவை வாங்கினார். ஆம் என்ற கட்டத்தில் அழுத்திக் குறியிட்டார். கீழே வரியில் மகளின் பெயரை எழுதினார். பார்த்து எழுத ஃபோனைக்கூட எடுக்கவில்லை, எண் மனப்பாடமாக இருந்தது. எழுதி முடித்துப் படிவத்தை என்னிடம் தராமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்க மகளுக்க கிட்ட நேரா சொல்லணும், கேட்டியா? வேற ஒருத்தருக்க வாய் வழியாவும் போகப்பிடாது."

"சரி அக்கா" என்றேன். அதன் பிறகுதான் படிவத்தை விட்டார்.

மறுநாள் கட்டி வெளியே வந்ததும் வழக்கம்போல் ஓடினேன். துண்டுகள் நேரத்தோடு உறைந்தன, எண் ஒட்டினேன், அலமாரிப் பட்டியலில் எழுதினேன். அக்கா மருந்து ஏற்றிக்கொள்ள வந்துபோனபோதெல்லாம் என்னைத் தேடிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். முடியெல்லாம் கொட்டியபின் கண்டக்டர் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வருட மழைக்காலத்தில் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் அவருடைய நோய்க்கு ஒரு பெயர் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சிறிது காலம் சுகவீனமாயிருந்து என்று வாசித்து முடித்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பல மாதம் கழித்து ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஒரு குழாயின் முடிவு வந்திருக்கிறது என்றார். கட்டியில் கண்ட மரபணுக் கோளாறு இரத்தத்திலும் இருக்கிறது, அப்படியென்றால் அது பிறவியிலேயே வந்தது, பிள்ளைகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழு கூடி, விதிப்படி அலமாரியைத் திறந்து, எண்ணைப் பெயரோடு பொருத்திப் பார்த்தார்கள். அது கண்டக்டர் அக்கா.

"இவர் தெளிவாக எழுதியிருக்கிறார். மகள் வந்து தனக்குச் சோதனை செய்துகொள்ளட்டும். இருந்தால் இப்போதிருந்தே கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம், தேவைப்படும் வயதில் சினைப்பையை எடுத்துவிடவும் செய்யலாம். நீங்கள் அந்த ஊர்தானே, நீங்களே கூப்பிடுங்கள்" என்றார் டாக்டர்.

நான் கூப்பிட்டேன். யாரைக் கூப்பிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்கு எந்தப் பெரிய சேதியும் நேராகப் போகாது. வேலை கிடைத்த சேதியானாலும் வரன் வந்த சேதியானாலும் மரணச் சேதியானாலும், வீட்டில் மூத்த ஆணிடம் போய்ச் சேரும். அவர் பார்த்து, பதம் பார்த்து, எப்போது எவ்வளவு சொல்லலாம் என்று தீர்மானித்துப் பெண்ணிடம் இறக்குவார். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். நானும் அந்த மரியாதையில் வளர்ந்தவள். படிவம் என் முன்னால் திறந்து கிடந்தது. அக்கா அழுத்தி எழுதிய எண் என் கண்ணெதிரே இருந்தது. நான் அதை விட்டுவிட்டு, முதலில் ஒரு வார்த்தை பெரியப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று சபை செக்ரட்டரியைக் கூப்பிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. விரல் தானாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியையும், அதாவது அக்காவின் கணவரையும், கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் வந்ததிலிருந்து போகும்வரை வாயைத் திறக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை படிந்தது.

"மக்கா, நாலஞ்சு மாசம் பொறுத்துக்க" என்றார் செக்ரட்டரி. "பிள்ளைக்குக் கல்யாணம் உறைச்சு நாளும் குறிச்சாச்சு. இது வெளிய அறிஞ்சா பையனுக்க வீட்டுக்காரங்க நிப்பாங்களா? கல்யாணம் கழியட்டும். நானே பக்குவமா சொல்லித் தாறேன்."

"அக்கா நேரா சொல்லச் சொன்னாங்க, மாமா."

"அவ செத்துப் பெயிட்டா. உயிரோட இருக்குததுக்க காரியத்த நாமதானே நோக்கணும்."

என் கணவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவரு சொல்லுததிலயும் ஞாயம் உண்டு. ஒரு பெண்ணுக்க வாழ்க்கையாக்கும்" என்றார். மூன்று ஆண்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். சரி என்றேன். டாக்டர் கேட்டபோது, குடும்பத்தாரிடம் பேசிவிட்டேன், வருவார்கள் என்றேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அதை நினைக்க இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அந்த மாதங்களில் நான் வேலைக்குப் போனேன், வார்டில் பேசினேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருநாள் லிஃப்டில் யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். திட்டிவிட்டுப் படியில் இறங்கும்போது உறைத்தது. வெட்டி எடுத்த சதைக்காக ஒரு நிமிடம் பொறுக்க மாட்டேன் என்கிறேன். உயிரோடு நடமாடும் பெண்ணை மாதக்கணக்கில் காக்க வைத்திருக்கிறேன். உறைத்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. ஆயிற்று, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளைப் பையன் எங்கள் சபையைச் சேர்ந்தவன் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிக்கை வாசிப்பது எங்கள் சபைகளின் வழக்கம். ஆராதனை மலையாளத்தில் நடந்தாலும் இந்த அறிக்கையை எங்கள் போதகர் தமிழிலும் வாசிப்பார், எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவுக்காரர்களுக்கும் புரிய வேண்டுமே. முதல் ஞாயிறு பெண்ணின் பெயரையும், இன்னார் மகள் என்று அக்காவின் பெயரையும் கேட்டதும் எனக்கு வியர்த்தது. இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதேனும் உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள் என்றார் போதகர். வழக்கம்போல் ஒருவரும் பேசவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு அதே கேள்வி வந்தபோது எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. ஏன் நான் குற்றவாளி போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன்? சாகப்போகிற ஒரு தாய், தன் மகள் தன்னைப் போல் சாகக் கூடாது என்று எழுதி வைத்துப் போனதைத் தடை என்று யார் சொன்னது? செக்ரட்டரி சொன்னார். என் வீட்டுக்காரர் ஒத்து ஊதினார். நானும் அதைத் தடையாகவே எடுத்துக்கொண்டு ஒளித்து வைத்திருக்கிறேன். ஆண்பிள்ளையின் வீட்டில் இரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, குடி உண்டா என்று யாராவது கேட்டார்களா? திருவிருந்தில் அப்பம் எடுக்கக்கூட நான் எழுந்து போகவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மகளைத் தேடிப் போனேன். பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. ரேஷன் கார்டு, பென்ஷன், சாதிச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருவாள். கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளறையில் வைத்துச் சொன்னேன். நோய் பற்றி, கோளாறு பற்றி, சோதனை பற்றி, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். அவள் அழவில்லை. அம்மாவைப் போலவே கடைசிவரை கேட்டாள்.

"நீங்களாக்கும் அந்த அக்கா, இல்லியா?" என்றாள். "ஆசுபத்திரியில இருந்து ஒரு அக்கா விளிப்பா, ஃபோன எடுக்காம இருக்கப்பிடாதுன்னு அம்மை சொல்லியிருந்தா. அதுக்காக்கும் நான் நம்பர மாத்தாம வச்சிருந்தது. அறியாத நம்பர்ல இருந்து எது வந்தாலும் எடுத்தேன். லோன் வேணுமான்னு விளிக்கிறவனுக்க கிட்ட எல்லாம் ஒழுங்கா பேசினேன்."

பிறகு கேட்டாள்:

"இது எப்ப தெரிஞ்சுது?"

"நாலு மாசம் ஆச்சு."

"பெரியப்பா அறியுமா?"

"அறியும்."

"அப்பா?"

"அறியும், மக்களே."

"உங்களுக்க வீட்டுக்காரரு?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப நான் மட்டும்தான் அறியாதது" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இந்த நாலு மாசத்துல எனக்க உள்ள ஏதாவது ஆகியிருந்தா, அதையும் பெரியப்பாவுக்க கிட்டதான் சொல்லியிருப்பியளா?"

அந்த வயதில் நாலு மாதத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டாக்டரும் பிற்பாடு அதைத்தான் சொன்னார். அங்கே அந்தச் சமாதானத்தை நான் சொல்லவில்லை. ஆகுமோ ஆகாதோ, அந்த நாலு மாதம் அவளுடையது. அதை எடுத்துப் பங்கு வைக்க எங்களில் யாருக்கும் உரிமை கிடையாது. மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

அன்றைக்கே பையனை வரச்சொல்லித் தானே நேரில் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் ஞாயிறு அறிக்கை வாசிக்கப்படவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது செக்ரட்டரி எங்கள் சபை முற்றத்தில் காத்துக்கொண்டு நின்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாசம் பண்ணிவிட்டாயே என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கையை உதறினேன்.

"நாசம் பண்ணினது நாலு மாசம் முன்ன, மாமா. உங்களுக்கு ஃபோன் பண்ணினேன் பாத்தியளா, அன்னைக்கு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கூட்டத்தில் நின்ற பெண்களில் ஒருவர், "என்னவாக்கும் காரியம்?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன், அது என் காரியம் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அடுத்த வாரம் அவள் மருத்துவமனைக்கு வந்தாள். பையனும் கூட வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஞாயிறு கழித்து மூன்றாம் அறிக்கையை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது. எங்களுக்கு அழைப்பில்லை. என் கணவருக்கு அதில் வருத்தம், எனக்கு இல்லை.

அவளுடைய சோதனை முடிவு எங்கள் பிரிவுக்கு வராது. அது நேராக அவளுக்குத்தான் போகும். பிறகு ஒருநாள் பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பார்த்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஊர்ப் புத்தி விடவில்லை. "முடிவு வந்துதா, மக்களே? என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும், அக்கா" என்றாள். அவளுக்கான பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.